அசலும் நகலும் ஒரு பழைய பந்தயக் காரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் ஊர் கெங்கவல்லியில் உதிரிப்பாகக் கடைக்குப் போய் எதைக் கேட்டாலும் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரிஜினலா, லோக்கலா?" இதற்கு விடை சொல்லாமல் ஒரு ரப்பர் வாஷர்கூட வாங்க முடியாது. ஒரிஜினல் என்றால் ஒரு விலை. லோக்கல் என்றால் அதில் பாதி. இரண்டுக்கும் நடுவே, ஒரிஜினல் அட்டைப்பெட்டிக்குள் லோக்கலைப் போட்டு ஒரிஜினல் விலைக்கே விற்கப்படும் மூன்றாவது வகை ஒன்றும் உலகில் உண்டு. அதை மட்டும் யாரும் கேட்டு வாங்குவதில்லை. அது தானாகவே வந்து சேரும்!

நம் கல்லூரி மலரில் நண்பர்கள் பலர் காதலைப் பற்றியும் கார்காலத்தைப் பற்றியும் கவிதை எழுதுகிறார்கள். எனக்குக் கவிதை வராது. சென்ற கோடை விடுமுறையில் ஐந்து வாரங்களைக் கோவையில் ஒரு பட்டறையில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு காரின் அடியில் படுத்துக் கழித்தேன். எனவே எனக்கு வாய்த்தது கார்காலம் அல்ல, கார் காலம்தான். அந்தக் காலத்தில் நான் கண்டதையும் அளந்ததையும் எழுதுகிறேன். பொறுமையுள்ள வாசகர்கள் உடன் வருக.

என் தாய்மாமன் கோவையில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். பக்கத்துக் கொட்டகையில் பழைய கார்களைப் பழுது பார்த்துப் புதுப்பிக்கிறார்கள். கையாளாக ஓர் ஆள் தேவைப்படுவதாக அவர் சொல்லியனுப்ப, நான் பஸ் ஏறினேன். என் தந்தைக்கு இதில் விருப்பமில்லை. "கிரீஸ் கை வேண்டாம்னுதானே உன்னை காலேஜுக்கு அனுப்பினேன்?" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கும் ஒரு நியாயம் இருந்ததே! கடைசியில் மாமா பேசிச் சம்மதிக்க வைத்தார்.

அங்கே என்முன் நின்றது ஓர் எம்.ஜி. கார். எம்.ஜி. என்றவுடன் புரட்சி நடிகரை நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் 'மாரிஸ் கராஜஸ்' என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. இன்று ஆத்தூர் சாலையில் பளபளப்பாகப் போகின்ற எம்.ஜி. கார்களுக்கும் பெயர் அதுவே; உரிமையாளர்கள்தான் பலமுறை மாறிவிட்டார்கள். எங்கள் கொட்டகைக்கு வந்தது 'டி.டி.' என்னும் வகை. இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடியது. மூட்டை வைக்க இடமில்லை. மழை வந்தால் துணிக்கூரை. 1250 சி.சி. எஞ்சின். 1949-ன் இறுதி தொடங்கி 1953 வரை ஏறத்தாழ 30,000 கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. இந்தியாவுக்கு வந்தவை கொஞ்சமே.

இந்தக் கார் சோழவரத்தில் பந்தயம் ஓடியது என்று அதன் சொந்தக்காரர் சொன்னார். சோழவரம் என்றால் இன்றைய மாணவர்களுக்குச் சென்னையின் குடிநீர் ஏரி மட்டுமே நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போடப்பட்டது. போர் முடிந்ததும் அது வீணாகக் கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் கார்ப் பந்தயங்களையும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களையும் நடத்தி வந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனியான பந்தயத் தளம் திறக்கப்படும் வரை தென்னாட்டின் பந்தயத் தலைநகரம் சோழவரமே எனலாம். விமானத்துக்காகப் போட்ட தளம் அல்லவா? நெடுந்தூரம் நேராக ஓடும்; பிறகு சட்டென்று திரும்ப வேண்டும். எஞ்சினுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை பிரேக்குக்கும் உண்டு.

அந்த வேலை எவ்வளவு என்பதை நம் முதலாண்டுப் பாடத்தைக் கொண்டே கணக்கிடலாம். ஆளோடு சேர்த்து ஏறத்தாழ 900 கிலோ எடை. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். இயக்க ஆற்றலைப் போட்டுப் பார்த்தால் சுமார் 3,47,000 ஜூல் வரும். காரை நிறுத்தும்போது ஏறக்குறைய இத்தனையும் வெப்பமாகிப் பிரேக்கில் இறங்க வேண்டும். ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஒரு முறை பிரேக் போட்டால் ஒரு குடும்பத்துக்குக் காப்பித் தண்ணீர்! ஒரு பந்தயத்தில் எத்தனை வளைவுகள், எத்தனை சுற்றுகள் என்று வாசகர்களே பெருக்கிக் கொள்ளலாம்.

காரின் சொந்தக்காரர் மேஸ்திரியிடம் கேட்டது இதுதான்: "இந்த பிரேக்கில் எது எது தொழிற்சாலையில் இருந்து வந்த அசல், எது எது பிறகு மாட்டியது என்று ஒரு பட்டியல் வேண்டும். அசல் அல்லாத அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்தில் இருந்து வரவழைத்துப் போட்டுவிடலாம்." பழைய கார்களின் உலகில் 'அசல்' என்ற ஒரு சொல்லுக்காக லட்சங்கள் கைமாறும். ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு எழுதிக் கட்டும் வேலை, படித்தவன் என்ற காரணத்தால், என் தலையில் விழுந்தது.

மேஸ்திரிக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். எழுத்தில் அவருக்கு அதிகம் பழக்கமில்லை. நான் முன்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியதும் அதனுள்ளே இருந்த உருளையில், அதாவது வீல் சிலிண்டரில், 'லாக்ஹீட்' என்று புடைத்து நின்ற எழுத்துகளைக் கண்டு உரக்கப் படித்தேன். "அதை விடுங்க தம்பி. பேரை எவன் வேணா வார்ப்பான். அந்த எழுத்தை அளந்து பாருங்க" என்றார்.

எழுத்தை அளப்பதா? பிறகு விளங்கியது. இதைவிட அழகான இயற்பியல் பாடம் ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. உருக்கிய வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றப்பட்டுக் குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும். ஆகவே தொழிற்சாலையில் மரமாதிரி செய்பவன் அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்வான். நகல் செய்பவனிடம் மரமாதிரி இல்லை. அசல் பாகத்தையே மாதிரியாக மணலில் பதித்து அச்செடுப்பான். அவன் வார்த்தது குளிரும்போது மீண்டும் ஒருமுறை சுருங்கும். அசலில் முதல் எழுத்துக்கும் கடைசிக் குறிக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இருந்தால் நகலில் 49.5 தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் காலிப்பர் காட்டிக் கொடுத்துவிடும். கடைசல் பிடித்த பகுதிகளை அளந்து பயனில்லை, ஏனெனில் அவற்றை எவனும் சரியான அளவுக்குக் கடைந்துவிடுவான். வார்த்தபடியே விடப்பட்ட பகுதிகளைத்தான் அளக்க வேண்டும். எழுத்து அப்படிப்பட்ட பகுதி. எழுத்தின் விளிம்பும் நகலில் மழுங்கியிருக்கும்.

இந்தக் காரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு உருளைகள் உண்டு. ஒவ்வோர் உருளையும் ஒரு பிரேக் ஷூவைத் தள்ளும். இரண்டு ஷூக்களுமே டிரம் சுழலும் திசையில் இழுபட்டுத் தாமாகவே மேலும் இறுகும்படி அமைந்தவை. பின்சக்கரத்தில் ஓர் உருளைதான். அங்கே ஒரு ஷூ மட்டுமே அவ்வாறு இறுகும். ஆக முன்னே நான்கு, பின்னே இரண்டு, மொத்தம் ஆறு உருளைகள். ஆறையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து அளந்தேன். முன்பக்கத்து நான்கில் மூன்று ஒரே அளவு. நான்காவதில் எழுத்துகள் ஒரு சதவீதம் குட்டை. அது எங்கேயோ எப்போதோ மணலில் பதித்து எடுத்த நகல். எழுபதாண்டுப் பொய்யை ஒரு வெர்னியர் பிடித்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது!

அடுத்தது திருகுப் புரி. பிரேக் குழாய் வந்து இணையும் துளையில் புரி அளவியைப் பொருத்திப் பார்த்தால் அங்குலத்துக்கு 20 புரிகள்; புரியின் கோணம் 55 பாகை. இது பழைய பிரிட்டிஷ் மென்புரி. 1950-களில் பிரிட்டிஷ் கார்த் தொழில் 60 பாகைக் கோணமுள்ள அமெரிக்க-பிரிட்டிஷ் பொதுப் புரிக்கு மாறத் தொடங்கியது. அதிலே அதே தடிமனுக்கு 24 புரிகள். நம் லாரிகளில் இன்று வருவது மில்லிமீட்டர் புரி. எனவே ஒரு துளையின் புரியை எண்ணினாலே அந்தப் பாகத்தின் வயதை ஓரளவு கூறிவிடலாம். இதிலும் இந்தக் கார் ஒரு வேடிக்கை வைத்திருந்தது. அதன் எஞ்சினில் போல்டின் தலை பிரிட்டிஷ் ஸ்பானருக்குப் பொருந்தும். உள்ளே போகும் புரியோ மில்லிமீட்டர் அளவு! பிரிட்டிஷ் போல்டுதானே என்று பிரிட்டிஷ் நட்டைப் போட்டு முறுக்கினால் இரண்டும் கெட்டன. கலப்புத் திருமணம் காரிலும் உண்டு போலும்.

டிரம்களையும் அளந்தோம். தொழிற்சாலை அளவு 9 அங்குலம், அதாவது 228.6 மில்லிமீட்டர். வலப்பக்க முன் டிரம் 231 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு முறை கீறல் விழும்போதும் லேத்தில் ஏற்றிக் கடைந்திருக்கிறார்கள். அந்த டிரம் அசல்தான், ஐயமில்லை. ஆனால் சுவர் மெலிந்துவிட்டது, சூடேறினால் இன்னும் விரியும், வெடிக்கவும் கூடும். 'அசல், உபயோகிக்கக் கூடாது' என்று சீட்டு எழுதிக் கட்டினேன். ஷூக்களில் ஒட்டியிருந்த பழைய லைனிங்கைத் தொடும் முன் மேஸ்திரி காற்றுக் குழாயை எடுத்து வெளியே வைத்துவிட்டார். அந்தக் கால லைனிங்கில் கல்நார் இருக்கும். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலைத் தின்னும். ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டினோம். அந்நாளில் காற்றடித்து ஊதிய கைகள் எத்தனையோ!

இவ்விடத்தில் சற்று வெளிநாடு போய் வருவோம். பந்தயக் கார்களின் பிரேக் வரலாற்றில் ஓர் எல்லைக்கல் 1953-ம் ஆண்டு. பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் ஊரில் 24 மணி நேரம் இடைவிடாது ஓடும் பந்தயத்தில், டிரம்முக்குப் பதிலாக டன்லப் கம்பெனியின் தகட்டு பிரேக், அதாவது டிஸ்க் பிரேக், பூட்டிய ஜாக்குவார் 'சி-டைப்' கார் வென்றது. ஓட்டியவர்கள் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும். தகடு சூடேறிப் பருத்தால் பேடை நோக்கித்தான் வரும். காற்றும் நேரே படும். அந்த வேறுபாட்டால் ஜாக்குவார் ஓட்டிகள் நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் மற்றவர்களைவிடப் பிந்திப் பிரேக் போட முடிந்தது. தகட்டு பிரேக்குக்கு லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது 1902-ல்! அரை நூற்றாண்டு காத்திருந்த ஒரு கருத்து, ஓர் இரவும் பகலும் ஓடி வென்றது.

ஆனால் அசல் தேடுபவர்களுக்கு அங்கேதான் சிக்கல். தொழிற்சாலையின் சொந்த அணிக்காக 1953-ல் செய்த கார்களில்தான் தகட்டு பிரேக். வாடிக்கையாளருக்கு விற்ற சி-டைப் கார்களில் டிரம்தான். பிற்பாடு ஓட்டிகள் பலர் தகட்டுக்கு மாறியிருக்கலாம். எனவே இன்று ஒரு சி-டைப் காரில் தகட்டு பிரேக்கைக் கண்டால் அது பெருமைக்குரிய அசலா, பின்னாளில் மாட்டியதா என்று கேட்டாக வேண்டும். சிறந்த பிரேக் இருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது! 2008 முதல் நம் டாடா நிறுவனத்துக்குச் சொந்தமான அதே ஜாக்குவார், 1953-ன் அளவுகளின்படியே புதிய சி-டைப் கார்களைச் செய்வதாக 2021-ல் அறிவித்தது. செய்தவரே மறுபடி செய்தால் அது அசலா, நகலா? இதைத் தருக்கவியல் படிக்கும் நண்பர்களிடம் விட்டுவிடுகிறேன்.

அதே லெ மானில் 1955-ல் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னே சென்ற தகட்டு பிரேக் கார் வேகம் குறைத்தது. பின்னால் வந்த கார் விலகியது. அதன்மேல் மோதிய மெர்சிடஸ் பறந்தது. அந்த மெர்சிடஸில் இருந்தவை டிரம் பிரேக்குகள். அவை போதாவென்று காற்றைத் தடுக்கும் பலகை ஒன்றை முதுகில் தூக்கி நிறுத்தும் ஏற்பாடும் இருந்தது. விபத்துக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எனினும் ஒரே தளத்தில் ஓடும் கார்களின் நிறுத்தும் திறன் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் என்ன ஆகும் என்பதை அதைப் படித்தபோது எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நிறுத்த முடியாமல் போவது என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கையில் என் தந்தை 407 வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கொல்லிமலையில் இருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிச் சேகோ ஆலைக்கு இறக்குவது வழக்கம். காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு நாள் மாலை, பாதி மலை இறங்கியபோது பெடல் தரையோடு தரையாகப் போய்விட்டது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் வண்டியை மலைச்சுவரில் உரசி நிறுத்தினார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதற்குப் பிறகு அவர் கனரக வண்டி ஓட்டவில்லை. இன்று எங்கள் ஊரிலேயே ஒரு மில்லில் காவல் பார்க்கிறார்.

பத்து நாட்களுக்கு முன்தான் நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய ரப்பர் கப்புகளை அதில் மாற்றியிருந்தார்கள். பெட்டியில் நல்ல கம்பெனியின் பெயர். பிரித்துப் பார்த்தபோது கப்புகள் ஊறிப் பெருத்து, விளிம்பு கிழிந்து, கடலை மாவு உருண்டைபோல் ஆகிவிட்டிருந்தன என்று மாமா சொல்வார். பிரேக் திரவத்துக்கென்று ஏற்ற ரப்பர் இருக்கிறது. வேறு ரப்பரைப் போட்டால் அது திரவத்தைக் குடித்து வீங்கும். நல்ல ரப்பரிலும் எஞ்சின் ஆயில் கலந்தால் அதே கதிதான். அந்தக் கப்புகள் ஒரு மாதம்கூட உழைக்கவில்லை. பெட்டியிலிருந்த பெயர் மட்டும் இன்னும் அழியாமல் எங்கள் பரணில் இருக்கிறது. என் தந்தை அதை எறிய விடுவதில்லை.

ஆகையால் அந்த எம்.ஜி. காரின் ரப்பர்ப் பாகங்களில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. அசலாக இருந்தால் என்ன, ராணியே கைப்பட வைத்ததாக இருந்தால்தான் என்ன? எழுபதாண்டு ரப்பர் ரப்பரே அல்ல. கப், ஹோஸ் எல்லாம் புதியவை. சொந்தக்காரரும் இதை ஒப்புக்கொண்டார். அசலை இரும்பில் தேடலாம். ரப்பரில் தேடக் கூடாது.

வழக்கு வந்தது பின்பக்கத்து இடது சக்கரத்தில். அங்கே இருந்த உருளையில் 'கர்லிங்' என்றும் 'இந்தியாவில் செய்தது' என்றும் இருந்தது. லாக்ஹீட் அல்ல. இந்த உருளை அம்பாசடர் காருடையது என்று மேஸ்திரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது 1962-ல். எனவே இந்த உருளை அதற்குப் பிற்பட்டது என்று வயதும் கிடைத்துவிட்டது. எம்.ஜி.யின் பின்தகட்டில் அது நேராகப் பொருந்தாது. இடையே அரை விரல் தடிமனில் ஓர் இரும்புத் தகடு. அரத்தால் ராவிய அடையாளங்கள் அதில் வரிவரியாகத் தெரிந்தன.

"இதை முதலில் தூக்கி எறியுங்கள். இது லோக்கல்" என்றார் சொந்தக்காரர்.

நான் அதை எறியவில்லை, அளந்தேன். உருளையின் உட்குழி ஏன் முக்கியம் என்றால், பிஸ்டனைத் தள்ளும் விசை அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உதாரணமாக முக்கால் அங்குல உருளைக்குப் பதில் 7/8 அங்குல உருளையைப் போட்டால் விட்டம் கூடுவது அரைக்கால் அங்குலம்தான். விசை கூடுவதோ 36 சதவீதம். வலப்பக்கம் ஓர் அளவும் இடப்பக்கம் ஓர் அளவுமாக இருந்தால் பிரேக் போட்டதும் கார் ஒரு பக்கம் இழுக்கும். சோழவர வேகத்தில் அது சுழற்றி எறிந்துவிடும். ஆனால் இந்த உருளைக்குள் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று இறக்கப்பட்டிருந்தது! அதன் உள்விட்டத்தையும் மறுபக்கத்து லாக்ஹீட் உருளையின் உள்விட்டத்தையும் மாமாவின் பட்டறையில் இருந்து உள்மானி கொண்டுவந்து அளந்தோம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு. மாமா மூன்று முறை அளந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அந்த உருளையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டர்னரின் வேலையை டர்னர்தான் பாராட்ட முடியும்.

காரின் பழைய காகிதக் கட்டில் மங்கிய பில் ஒன்று கிடைத்தது. 1960-களில் சென்னையின் ஒரு லேத் பட்டறை எழுதியது. பின் இடது பிரேக் சிலிண்டர் மாற்றி, புஷ் இறக்கி, பிளேட் செய்த கூலி என்று தமிழில் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. அந்நாளில் வெளிநாட்டுப் பாகம் வேண்டுமென்றால் இறக்குமதி லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். கப்பலில் வந்து சேர்வதற்குள் அந்த ஆண்டுப் பந்தயமே முடிந்துவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்த அம்பாசடர் பாகத்தை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் இரவு விளக்கில் அந்தப் பித்தளைக் குழாயைக் கடைந்திருக்க வேண்டும். தம்மம்பட்டியில் மரச் சிற்பம் செய்கிறவர்கள் உளி விழுந்த தடத்தைப் பார்த்தே இது இன்னார் கை வேலை என்பார்கள். அந்த அரத்தின் கோடுகளைப் படிக்க இன்று ஆள் இல்லை.

நான் சொந்தக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன்: "சார், முன்பக்கத்து நாலாவது சிலிண்டர் லாக்ஹீட் பெயரைப் போட்டுக்கொண்ட நகல். இது யார் பெயரையும் திருடவில்லை. இந்தியாவில் செய்தது என்று நெற்றியில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. தொழிற்சாலையில் இருந்து வந்தபடி கார் வேண்டும் என்றால் இதைக் கழற்ற வேண்டியதுதான். சோழவரத்தில் ஓடிய கார் வேண்டும் என்றால் இதுதான் அசல். இங்கிலாந்தில் இருந்து வந்த சிலிண்டர் அந்தத் தளத்தில் ஓடவில்லையே!"

படித்த பையன் அதிகம் பேசுகிறான் என்று அவர் நினைத்திருக்கலாம். மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி, "தம்பி சொல்றது சரிங்க. ஆனா அழுத்தம் கொடுத்துப் பார்த்துத்தான் நான் மாட்டுவேன்" என்றார். எனக்குக் கிடைத்த ஆதரவில் இதைவிடப் பெரியது கிடையாது, நிபந்தனையும் நியாயமானது. உருளையை மூடி, திரவம் நிரப்பி, அழுத்தமானியோடு இரவு முழுவதும் விட்டோம். காலையில் முள் அதே இடத்தில் நின்றது.

இரண்டு நாள் கழித்துச் சொந்தக்காரர் தொலைபேசியில் தம் முடிவைச் சொன்னார். மூன்று முன்பக்க லாக்ஹீட் உருளைகளும் பின்பக்கத்து வலது உருளையும் அரிப்பைக் கடைந்து எடுத்துப் புதுக் குழாய் இறக்கி மீண்டும் பூட்டப்படும். நகலான நான்காவது கழிக்கப்பட்டு, அந்த இடத்தில் மட்டும் இங்கிலாந்தில் இருந்து வருவது பொருத்தப்படும். மெலிந்த டிரம்முக்கும் புதியது வரும். பழையதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். இடது பின் உருளை இருந்த இடத்திலேயே இருக்கும். பட்டியலில் அதற்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டேன். "நீயே எழுது" என்றார். 'சென்னையில் 1960-களில் செய்தது, சோழவரத்தில் ஓடியது, அசல்' என்று எழுதினேன்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் பாகங்கள் வந்து சேர்ந்தன. பொள்ளாச்சி சாலையில் இருந்து பிரியும் ஒரு காலிச் சாலையில், விடியற்காலை, மேஸ்திரி காரை ஓட்டினார். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரே மிதியாக மிதித்து நிறுத்தினார். நானும் மாமாவும் டேப்பைப் பிடித்து நான்கு டயர்களும் சாலையில் இட்ட கறுப்புக் கோடுகளை அளந்தோம். முன்னவை இரண்டும் சமம். பின்னவற்றில் வலது கோடு இடதைவிட நான்கு விரற்கடை குறைவு. மேஸ்திரி ஸ்பானரை எடுத்துக்கொண்டு வலது சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தார். ஷூவை ஒரு பல் நெருக்கி வைத்துவிட்டு, "இன்னொரு தடவை போலாங்க" என்றார்.